இரவுச் சந்தை உரிமம், தடுப்பூசி, கால்வாய்: எது யாருடைய பொறுப்பு?

மலைக்கொடி (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் ஓர் இரவுச் சந்தையில் புட்டு மாயமும் (இடியாப்பம்) அப்பமும் விற்று வருகிறார். உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் டைபாய்டு தடுப்பூசிச் சான்றும் உணவு கையாளுநர் பயிற்சிச் சான்றும் கேட்கிறார்கள். அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் கடைக்குப் பின்னாலுள்ள கால்வாய் அடைத்து, மழை பெய்தால் அழுக்கு நீர் அடுப்பருகே வந்துவிடுகிறது. கைகழுவக் குழாயும் கிடையாது. சோதனைக்கு வந்தால் பழி வியாபாரியின் மேல்தானே விழும்? அம்மாவுக்கு உடல்நலமில்லாத நாளில் நான் கடையில் நிற்கலாமா?

முன்னாள் சுகாதாரப் பணியாளர்

தங்கைக்கு வணக்கம். ஊசியும் பயிற்சியும் உணவுச் சட்டத்தின் கீழ் வந்த 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் கேட்பவை. அவை சுகாதார அமைச்சுக்கு உரியவை. டைபாய்டிலிருந்து குணமான சிலருடைய பித்தப்பையில் கிருமி தங்கிவிடும். எந்த அறிகுறியும் இல்லாமலே மலத்தின் வழி வெளியேறி, சரியாகக் கழுவாத கையால் உணவில் சேரும். ஊசி முழுப் பாதுகாப்புத் தருவதில்லை, சுமார் மூன்று ஆண்டுகளில் மீண்டும் போட வேண்டும். ஆகவே ஊசியைக் கேட்கும் இடத்தில் குழாய் இல்லாதது மிகப் பெரிய குறை என்பேன். நீங்களும் உணவைத் தொடுவதாக இருந்தால் உங்களுக்கும் இரண்டு சான்றுகளும் தேவை.

சட்டம் படிப்பவன்

குப்பை, துப்புரவுப் பணியை மத்திய அரசிடம் ஒப்படைக்கும் 2007ஆம் ஆண்டு சட்டத்தைப் பினாங்கு ஏற்கவில்லை. ஆகவே இங்கு அந்தப் பணி ஊராட்சி மன்றங்களிடமே இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் கால்வாயைத் தூர்வாரும் பொறுப்பை அவற்றிடமே கொடுக்கிறது. ஆனால் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு கடுமையானது: காரணம் கூறாமலே உரிமத்தை மீட்டுக்கொள்ளலாம், இழப்பீடும் கிடையாது. தன் கால்வாயைத் தூர்வாராத மன்றமே வியாபாரியின் உரிமத்தைப் பறிக்கவும் முடிவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1951லேயே மன்றத் தேர்தல் கண்ட, பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுனில் இன்று மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள், ஆகவே வாக்குச்சீட்டால் அவர்களிடம் கேட்க வழியில்லை. சட்டமன்ற உறுப்பினர் வழியாகத்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும்.

தனியாகப் போகாதீர்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் கையொப்பமிட்டு, மழைநாளில் எடுத்த படங்களோடு, தேதியிட்ட கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையுடன் ஒரு நகலை வைத்திருங்கள். சுகாதாரக் குறைக்காக உணவுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி 14 நாள்வரை கடையை மூடச் சொல்ல முடியும். அப்படி நேர்ந்தால் அந்த நகல் உங்களுக்காகப் பேசும்.

செபராங் பிறை வியாபாரி

உதவியாளர் பற்றி: உரிமப் பிரிவில் உங்கள் பெயரை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் கேளுங்கள். உரிமத்தை மட்டும் வேறு யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள், அம்மா எவ்வளவு களைத்திருந்தாலும் சரி. உரிமம் இழந்தவர்களில் பலர் அப்படித்தான் இழந்தார்கள்.