கணவாயில் நின்ற ஃபியட்டும் அத்தையின் நீச்சத்தண்ணியும்

பழைய கார் வைத்திருந்தவர்கள், ஓட்டியவர்கள் அவரவர் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

எங்கள் வீட்டில் இருந்தது பிரீமியர் பத்மினி. பெயர்தான் பத்மினி, மதுரையில் எல்லாருக்கும் அது ஃபியட். ஒரு மே மாதம் தேனிப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினோம். 1089 சிசி இன்ஜின், உள்ளே ஏழு பேர், டிக்கியில் பொங்கல் பானை. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது வண்டி இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது.

அப்பா பதறவில்லை. பானெட்டைத் தூக்கி பெட்ரோல் பம்பைத் தொட்டார், கையை உதறினார். அந்த பம்பு இன்ஜினோடு ஒட்டி இருக்கும். வெயில், ஏற்றம், லோடு மூன்றும் சேர்ந்தால் பெட்ரோல் அதற்குள்ளேயே ஆவியாகிவிடும். ஆவியை பம்பு தள்ளாது, கார்புரேட்டர் காய்ந்துபோகும். ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம்.

துணிக்குத் தோளில் துண்டு இருந்தது. தண்ணீர்தான் இல்லை, செக்கானூரணிக்குள்ளேயே குடித்துத் தீர்த்திருந்தோம். மிச்சம் இருந்தது அத்தையின் தூக்குவாளியில் நீச்சத்தண்ணி மட்டும்.

“அண்ணே, அது சாமி கும்பிட்டுட்டு வந்து குடிக்க வச்சிருக்கேன்.”

“சாமிகிட்டப் போய்ச் சேரணும்ல?”

துண்டை முக்கி, பருக்கையோடு பம்பில் சுற்றினார். இருபது நிமிடத்தில் வண்டி ஒரே செல்ஃபில் பிடித்தது. அப்புறம் ஒரு மாதத்துக்கு இன்ஜின் சூடானால் போதும், உள்ளே புளித்த வாடை அடிக்கும்.

மேலூர் அம்பாசடர்: அண்ணே, எங்களுடையது வேற மாதிரி. அம்பாசடரில் ஹெட்லைட்டை டிம் பண்ணும் சுவிட்ச் கிளட்சுக்கு இடது பக்கம் தரையில் இருக்கும், காலால் மிதிக்க வேண்டும். மாருதியில் பழகிய என் சித்தப்பா மகன் ராத்திரி நத்தம் ரோட்டில் எங்கள் வண்டியை ஓட்டினான். எதிரே வந்த பஸ்காரர் லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறார். இவன் ஸ்டியரிங் பக்கம் தடவி, கையில் கிடைத்த கம்பியைப் பிடித்து இழுத்தான். அது கியர்; அம்பாசடரில் அதுவும் ஸ்டியரிங் பக்கம்தான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கீழமாசி வீதி: ஸ்டாண்டர்ட் ஹெரால்டை யாரும் சொல்லவில்லையே! சென்னையில் செய்த கார். நாலு கதவு வைத்த ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான் வந்தது. பானெட்டைத் திறந்தால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். மெக்கானிக் முன் டயர்மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். ஸ்டியரிங் அப்படி ஒடியும்: எங்கள் தெருவில் இருபக்கமும் மூட்டை இறங்கிக் கிடக்கும்போதும் தாத்தா ரிவர்ஸ் போடாமல் ஒரே திருப்பில் திருப்புவார். மழை பெய்தால் வெளியே எவ்வளவோ அவ்வளவு உள்ளேயும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்ணூறு: எல்லாரும் நின்ற கதையாகவே சொல்கிறீர்கள். எங்கள் மாருதி 800, மூன்றே சிலிண்டர், 796 சிசி. பதினாறு வருடம் வைத்திருந்தோம், ஒருநாளும் நடுவழியில் விடவில்லை. அதனால் சொல்ல என்னிடம் கதையும் இல்லை.

ஃபியட் (மறுபடியும் நான்தான்): எண்ணூறு, வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். மேலூர் தம்பி கேட்காவிட்டாலும் சொல்கிறேன், வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எலக்ட்ரிக் பம்பு மாட்டியாச்சு, கணவாயில் இப்போது நிற்பதில்லை. ஆனால் கியர் கம்பியில் புஷ், அதாவது கம்பி ஆடாமல் பிடிக்கும் வளையம், தேய்ந்து, இரண்டாவது போட்டால் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. விளக்குத்தூண் வரைக்கும் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேதான் போய் வருகிறேன். பித்தளையில் புஷ் கடைந்து தரும் லேத்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.