வெள்ளத்தன்று உங்கள் ஊருக்கு வந்தவர்கள் யார்? (அனுபவப் பகிர்வு)

ஆற்றங்கரையாள்

நம் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து 2023 டிசம்பர் வெள்ளம் இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும், முன்கதை வேண்டாம். ஏரலுக்கு எதிர்க்கரையில் எங்கள் ஊர். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபோது மழை. திங்கள் விடியும்போது கோயிலுக்குள் (சர்ச்சைக் கோயில் என்றுதான் நாங்கள் சொல்வோம்) பீடத்துப் படி வரை தாமிரபரணி.

தண்ணீர் வடிந்ததும் சகதி. பாலம் போய்விட்டது, கரண்ட் இல்லை, போன் இல்லை. எங்கள் குருவானவரே மாற்று வேட்டி இல்லாமல் நின்றார். அப்போது ஒரு டிராக்டர் வந்தது. சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் சபை ஒன்றிலிருந்து பெண்கள் பத்துப் பதினைந்து பேர். அசனத்துக்கு, அதாவது கோயில் பண்டிகைப் பொது விருந்துக்கு வைக்கிற அண்டா, துடுப்பு, விறகு, அருவாமனை எல்லாம் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கோயில் மேட்டில் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துவிட்டார்கள்.

அரிசி மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, புட்டுக்கு வைக்கிற சிவப்பரிசி எல்லாம் கலந்து கிடந்தது. கைப்பிடி அரிசி! உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கிற பழக்கம் அந்தச் சபையில் இன்னும் இருக்கிறது போல. ஒரு அரிசி குழையும், இன்னொன்று விறைத்து நிற்கும். அண்டா பக்கத்தில் நின்ற வயதான அம்மா, "பிரிச்சுப் போட நேரமில்லய்யா, கஞ்சியா வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கூட ஊற்றினார். தொட்டுக்கொள்ள மாங்காய்த் துவையல்.

எனக்கு இன்றைக்கும் மனதில் கிடக்கிறது அந்த அம்மா அப்புறம் சொன்னதுதான். "நாங்க தண்ணி இல்லாமக் கெடந்த வருஷம் ஒங்க ஊருலருந்துதான் லாரித் தண்ணி வந்துச்சு. எங்க கோயில் வாசல்ல ட்ரம்மு வச்சு ஊத்துனாவ." எங்கள் சபையில் பெரியவர்கள் எல்லாரிடமும் விசாரித்தேன். ஒருவருக்கும் அது நினைவில்லை. எந்த வருஷம், யார் அனுப்பியது, ஒன்றும் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தெரியுமா?

கடலோரத்தான்

ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30. நாங்கள் ராதாபுரம் தாலுகா கடற்கரை. எங்கள் பக்கம் மரங்களும் கூரைகளும் போயின, உயிர் பிழைத்தது கடவுள் கிருபை. குமரி மேற்குக் கரையில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை நிலைமை என்னவென்று உங்களுக்கே தெரியும். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். காற்று ஒரே நாளில் புயலாகிவிட்டது, நடுக்கடலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வழியே இல்லை.

எங்கள் பங்கிலிருந்து அரிசி, பருப்பு ஏற்றி ஒரு வேனில் அந்த ஊர்களில் ஒன்றுக்குப் போனோம். கோயில் முகப்பில் பட்டியல் ஒட்டியிருந்தது. எந்தப் போட்டில் யார் யார், திரும்பியவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. கோடு விழாத பெயர்கள்தான் அதிகம். அந்த ஊர் பாதர் எங்களைப் பார்த்ததும், "அரிசிய எறக்கி வையுங்க, வண்டி மட்டும் எங்களுக்கு வேணும்" என்றார். கிடைத்த உடல்களை அடையாளம் காண முடியாமல் திருவனந்தபுரத்தில் வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. பார்க்க உறவினர்கள் இரத்தம் கொடுக்க வேண்டும். போய்வர வண்டி இல்லை.

ஒரு அம்மாவை அழைத்துப் போனேன். நர்ஸ் வலது கையைப் பிடித்தபோது அம்மா கையை இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். "இதுல எடுங்க. அவன் வந்தா இந்தக் கையாலதான் சோறு போடணும்" என்றார். வழியெல்லாம் யாரும் பேசவில்லை. அவர் மகன் பெயருக்குக் கடைசி வரை கோடு விழவில்லை.

சந்திப்புக்காரன்

கஞ்சிக் கதையைப் படித்து மனம் நிறைந்தது அண்ணாச்சி. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை, அதையும் யாராவது எழுத வேண்டும்.

எங்கள் தெருவிலும் ஒரு சபையிலிருந்து சாமான் கொண்டுவந்தார்கள். பெயர் வேண்டாம். கோயில் வாசலில் மேசை போட்டு, சங்கக் காணிக்கைக் கார்டு (சபைக்குச் சந்தா கட்டுகிறவர்களின் கார்டு) இருக்கிறவர்களுக்கு மட்டும் பை கொடுத்தார்கள். எங்கள் எதிர்வீட்டு ஆச்சி வரிசையில் நின்று மேசை வரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். அவர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஏறியது அதே தண்ணீர்தான். எங்கள் அம்மா வீட்டுக்கு வந்ததும் பையைத் தரையில் கொட்டிப் பாதியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். ஆச்சி கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்துகொண்டே, "வேண்டாம் தாயி, எனக்குப் பசிக்கல" என்ற குரல் மட்டும் வந்தது. முப்பது வருஷப் பழக்கம். அன்றைக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது.

பழைய சபையார்

தம்பி சொல்வது வேதனைதான். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டாம். சபைப் பணம் சபையார் கொடுத்த பணம். முதலில் நம் வீட்டைக் கவனிப்பது பாவம் இல்லை. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830இல் தர்ம சங்கம் தொடங்கியது எதற்கு? விசுவாசத்துக்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்துக் குடியேற்ற. தங்களைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நிழல் வேண்டும் என்றுதான். இன்றைக்கு நம் மாவட்டத்தில் இருக்கிற பல ஊர்கள் அப்படி உண்டானவை. அதைக் குறை சொல்வோமா?

சந்திப்புக்காரன்

அண்ணாச்சி, தர்ம சங்கம் நிலம் வாங்கியது அடிபட்டவர்களுக்காக. வெள்ளத்தில் அடிபட்டவர் யார் என்று பார்க்க கார்டு எதற்கு? சுவரில் சேற்றுக் கோடு இருக்கிறதே, அது போதாதா?

அசனப் பண்டிகையை நினைத்துப் பாருங்கள். பந்தியில் உட்காருகிறவரிடம் எந்தச் சபை என்று நாம் கேட்கிறோமா? ஊரே சாப்பிடும். அதே அண்டாதான், அதே சபைதான். அதே வாரம் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி எல்லாம் போய்விட்டது, உள்ளே யாரும் வர முடியவில்லை. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் அம்மன் கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். அந்த ஊரிலும் வெள்ளம், அவர்கள் கையிலும் இருந்தது கொஞ்சம்தான். அவர்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

காயல் வாசகர்

நான் சபையைச் சேர்ந்தவன் இல்லை, இந்தப் பேச்சைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தெருவே தெரியவில்லை. பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து மீன்பிடிக்கிற ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முன்பக்கம் அந்தோணியார் படம். எங்கள் உம்மா ஏறும்போது, இன்னொருவர் தொழில் செய்கிற படகாயிற்றே என்று மரியாதைக்குச் செருப்பைக் கழற்றினார். படகுக்காரர் பதறிப்போய், "கழத்தாதீங்கம்மா, உள்ள தூண்டில் முள்ளு கெடக்கும்" என்று குனிந்து அவரே செருப்பை மறுபடியும் காலில் மாட்டிவிட்டார். பாதி வழியில் டீசல் தீர்ந்து துடுப்புப் போட்டார்கள். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. உம்மா இப்போதும் அவருக்காகத் துஆ செய்கிறார்.

பாளையங்கோட்டை சார்வாள்

நானும் கொஞ்சம் எழுதுகிறேன். மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது எங்கள் சேகரத்தில் (பக்கத்துச் சபைகள் பல சேர்ந்தது ஒரு சேகரம்) சாமான் சேகரித்தோம். லாரி கிளம்பத் தாமதமானது. மூட்டைகள் பள்ளிக்கூட ஹாலில் இருக்கும்போதே நம் ஊரில் வெள்ளம் வந்துவிட்டது. 'சென்னைக்கு' என்று எழுதின மூட்டையை வண்ணார்பேட்டையில் அவிழ்த்தோம். அடுத்த வாரம் சென்னைச் சபைகளிலிருந்து நமக்கு வந்தது, அவர்கள் வீடுகளே இன்னும் காயாத நிலையில். என் கதை அவ்வளவுதான்.

இளைஞர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும், அடுத்த மழைக்காலம் வரும். முதல் இரண்டு நாள் சமைத்த சாப்பாடு, அதன் பிறகு சாப்பாட்டுப் பொட்டலத்தை நிறுத்துங்கள். அப்புறம் தேவைப்படுவது மண்வெட்டி, வாளி, விளக்குமாறு, பிளீச்சிங் பவுடர், பாய், கொசுவலை. சேறு அள்ள ஆள் அனுப்புங்கள். பத்து இளைஞர்கள் ஒரு தெருவைச் சுத்தம் செய்தால் அது ஒரு லாரி அரிசியைவிடப் பெரிது. வீட்டுக்குள் கை வைக்கும் முன் கம்பால் தட்டுங்கள், பாம்பு இருக்கும். கிணற்றை முழுக்க இறைத்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர். பட்டியலைச் சபை வாரியாக எடுக்காதீர்கள், தெரு வாரியாக எடுங்கள். இதில் நான் சந்திப்புக்காரத் தம்பி பக்கம். உள்ளூர்ச் சபையாரும், கோயில் தர்மகர்த்தாவும், ஜமாத்தில் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து எடுத்தால் ஒரு வீடும் விடுபடாது.

கோயில் பதிவேடு நனைந்தால் வெயிலில் போடவே கூடாது, தாள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். நிழலில், காற்றாடிக்கு அடியில், தாளுக்குத் தாள் செய்தித்தாள் வைத்து, ஈரம் ஏற ஏற மாற்ற வேண்டும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் அதில்தான் இருக்கிறது, பிற்காலத்தில் அத்தாட்சி அதுதான். ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் போனவர்களுக்கு அரசாங்கம் முகாம் போட்டது. ஆனால் மனு எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் எத்தனையோ பேர் திரும்பினார்கள். நம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எவ்வளவு பேர்! ஒரு மேசை, ஒரு பேனா, போதும். வாழை போட்டவர்களுக்கு வி.ஏ.ஓ.விடம் கணக்குக் கொடுக்கவும் ஆள் வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒரு நாள் வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போக வேண்டாம். அடிபடாத சேகரம் ஒவ்வொன்றும் அடிபட்ட ஊர் ஒன்றை ஆறு மாதம் பொறுப்பெடுக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, தையல் மிஷின் பழுது, ஆட்டுக்குட்டி, இப்படி. வரவு செலவைக் கோயில் கதவில் ஒட்டுங்கள். பழைய துணி மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

புன்னக்காயல் அக்கா

சார்வாள் சொன்னதெல்லாம் சரி, பழைய துணி மட்டும் சரியில்லை. நாங்கள் நாலு பக்கமும் தண்ணீரில் கிடந்தோம். வந்த மூட்டையில் இருந்த பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத்தான் தொட்டில் கட்டினேன். குழந்தைக்கு இடுப்புத் துணியும் அதுதான். புதுத் துணி அதற்கு ஆகாது. துவைத்து மடித்துக் கொடுத்த பழைய பருத்தி வேண்டும். கிழிந்த பேண்ட்டும் ஜரிகை போன பட்டும்தான் வேண்டாம்.

எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஆண்கள் யாரும் இதை எழுத மாட்டீர்கள். நிவாரணம் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பால் பவுடர், பிஸ்கட், பிரெட், தண்ணீர் பாட்டில். நன்றியோடு வாங்கிக்கொண்டோம். ஆனால் அந்த நாட்களில் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று யாரிடம் கேட்பது? என் மகளுக்கு அப்போதுதான் மாதவிலக்கு. இரண்டு நாள் ஒரே பாவாடையோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைப் பெண்கள் சங்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார்கள். நாங்கள் மாதா கோயில்காரர்கள், கத்தோலிக்கர்; அவர்கள் வேறு சபை, முன்பின் பழக்கமில்லை. எல்லாருக்கும் முன்னால் எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்து கதவைச் சாத்திவிட்டு, "உனக்கு எத்தனை? பிள்ளைக்கு எத்தனை? உள்பாவாடை அளவு என்ன?" என்று காதோடு கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்கள். மறுநாள் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றின பொட்டலம். மேலே வீட்டு நம்பர் மட்டும். என் மகள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நேரே குளிக்கப் போனாள்.

சார்வாள், உங்கள் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போகிற குழுவில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும்.

பாளையங்கோட்டை சார்வாள்

சேர்த்துவிட்டேன் அம்மா. பருத்திச் சேலையையும். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவியிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். ஐப்பசி பிறக்கும் முன் சேகரத்துக்கு ஒரு பெட்டி தயாராக வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.