சைக்கிள் டு வொர்க்: லாபம் இருந்தும் முதலாளிகள் ஏன் தயங்குகிறார்கள்?

வெம்ப்ளி_மிதி
ஊழியர் வேலைக்குப் போய்வர முதலாளி வழியாக வரிச் சலுகையோடு சைக்கிள் எடுக்கும் திட்டம்தான் சைக்கிள் டு வொர்க். பிரிட்டனில் இது 1999 நிதிச் சட்டத்தோடு வந்தது. கால் நூற்றாண்டு தாண்டியும் நம்மவர்கள் வேலை பார்க்கும் கடை, ரெஸ்டாரன்ட், கேர் ஹோம்களில் கேட்டால் "அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு" என்றே பதில் வருகிறது. சட்டப்படி கட்டாயமில்லை, சரி. ஆனால் முதலாளிக்கு நஷ்டம் எங்கே இருக்கிறது?

கணக்கு இதுதான். மொத்தச் சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு சைக்கிளை வாடகைக்கு எடுப்பதுதான் சாலரி சாக்ரிஃபைஸ். 1,200 பவுண்ட் சைக்கிள், 12 மாதம், மாதம் 100. ஆண்டுக்கு 32,000 வாங்குபவருக்கு அந்த நூறில் வரி 20, என்ஐ (தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு) 8 மிச்சம். கைக்கு வருவதில் 72தான் குறையும். முதலாளிக்கும் அந்த நூறுக்கு 15 சதவீத என்ஐ கிடையாது. ஒரு சைக்கிளுக்கு 180 பவுண்ட் அவர் பக்கம் மிச்சம். திட்டத்தை நடத்திக் கொடுக்கும் ஏற்பாட்டு நிறுவனங்கள் பல முதலாளியிடம் கட்டணமே வாங்குவதில்லை. பிறகு என்ன தயக்கம்? சோம்பேறித்தனம்தான்.

கணக்குப்பிள்ளை
சோம்பேறித்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள் தம்பி. அந்த 180 பவுண்ட் எல்லா முதலாளிக்கும் கிடைக்காது. முதலாளி கட்டும் என்ஐயில் கிடைக்கும் கழிவான எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10,500 பவுண்ட். தலைக்கு 26,000 சம்பளத்தில் மூன்று பேரை வைத்திருக்கும் ரெஸ்டாரன்டை எடுங்கள். முதலாளியின் என்ஐ 5,000க்கு மேல்தான், ஆக மீதி 21,000க்கு 15 சதவீதம், அதாவது தலைக்கு 3,150. மூன்று பேருக்கு 9,450. மொத்தமும் அலவன்ஸிலேயே கழிந்துவிடுகிறது. கட்டாத என்ஐயில் மிச்சம் பிடிப்பது எப்படி? அவருக்கு இந்தத் திட்டத்தில் வரவு பூஜ்யம், வேலை மட்டும் கூடுதல்.

அடுத்தது மினிமம் வேஜ், அதாவது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. சாலரி சாக்ரிஃபைஸுக்குப் பிறகு மிஞ்சும் ரொக்கச் சம்பளம் மினிமம் வேஜுக்குக் கீழே போகவே கூடாது. 2025 ஏப்ரலில் விகிதம் மணிக்கு 12.21 ஆக இருந்தது. அப்போது மணிக்கு 12.60 வாங்கியவருக்கு இடைவெளி 39 பென்ஸ். வாரம் 37.5 மணி என்றால் மாதத்துக்கு 162.5 மணி, ஆக 63 பவுண்ட் சொச்சம். உங்கள் 100 பவுண்ட் வாடகை அதற்குள் அடங்காது. மீறினால் பாக்கியைக் கொடுப்பதோடு, அதன் இருமடங்கு வரை அபராதம். கூடவே நிறுவனத்தின் பெயரும் பகிரங்கமாக வெளியாகலாம். எந்த முதலாளி ஒரு சைக்கிளுக்காக இந்த வம்பை விலைக்கு வாங்குவார்?

ஈஸ்ட்ஹாம்_அக்கா
மினிமம் வேஜ் கணக்கில் கணக்குப்பிள்ளை அண்ணா சொல்வது சரி. ஆனால் 12 மாதம் என்பது வேதவாக்கில்லை. 24 மாதமாக நீட்டினால் மாதம் 50. 63க்குள் வந்துவிடும்.

ஹெச்ஆரில் சிக்கல் வருவது பெரும்பாலும் வரிசை மாறும்போதுதான். முதலில் சம்பளக் குறைப்புக்கான ஒப்பந்தத் திருத்தத்தில் கையெழுத்து. அது அந்த மாதச் சம்பளம் கொடுபடுவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். பிறகு வாடகை ஒப்பந்தம், அதன் பிறகே கடையில் கொடுத்து சைக்கிள் எடுக்கும் வவுச்சர். ஊழியர் முந்திக்கொண்டு தன் கார்டில் சைக்கிள் வாங்கி, ரசீதைக் கொண்டுவந்து "இதைத் திட்டத்தில் சேருங்கள்" என்றால் முடியாது. அது அவருடைய சைக்கிள், முதலாளி கொடுத்ததல்ல. அதேபோல "ஆண்டு முடிந்ததும் சைக்கிள் உனக்கே" என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கவும் கூடாது. எழுதினால் அது வாடகையாக நிற்காது, தவணை விற்பனையாகிவிடும்.

வேலையை விட்டுப் போனால் பாக்கி வாடகை கடைசிச் சம்பளத்தில், வரி கழித்த பிறகு பிடிக்கப்படும். அதற்கு முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வேண்டும். 1996 எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இந்த ஒரு பத்தி இல்லாமல் ஆரம்பித்துவிட்டு, ஆள் போனபின் திண்டாடும் நிறுவனங்கள்தான் "இந்தத் திட்டமே வேண்டாம்" என்கின்றன.

கணக்குப்பிள்ளை
24 மாதம் என்று அக்கா சொன்னதிலேயே ஒரு பொறி இருக்கிறது. விகிதம் ஒவ்வொரு ஏப்ரலும் ஏறும். 2026 ஏப்ரலில் 12.71. அக்டோபர் 2025இல் 12.60 சம்பளத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு, ஏப்ரலில் சம்பளத்தை 12.71ஆக மட்டும் உயர்த்தினால் இடைவெளியே இல்லை. ஒப்பந்தம் பாதியில் நிற்கிறது, மாதம் 50 பிடிக்க வழியில்லை. ஏற்பாட்டு நிறுவனத்துக்கோ கடைக்கோ முழுப் பணமும் முன்பே போய்விட்டது. ஐந்து பேர் சேர்ந்தால் 6,000 பவுண்ட் முதலாளியின் கையிருப்பிலிருந்து போயிருக்கும்.

பிரசவ விடுப்பையும் பாருங்கள். சட்டப்படியான பிரசவ ஊதியத்தில் சாலரி சாக்ரிஃபைஸ் பிடிக்க முடியாது. சைக்கிளையும் திரும்பக் கேட்க முடியாது. முதல் ஆறு வாரத்துக்கான 90 சதவீதம் குறைக்கப்பட்ட சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால் அந்தப் பெண்ணுக்கும் நஷ்டம். இதைக் கையெழுத்துக்கு முன் சொல்பவர் எத்தனை பேர்?

சங்கிலி_எண்ணெய்
கடைப் பக்கத்திலிருந்து ஒன்று. முதலாளிக்கு இலவசம் என்றால் செலவை யார் சுமக்கிறார்கள்? கடைக்காரர். வவுச்சர் மதிப்பில் ஏற்பாட்டு நிறுவனம் கமிஷன் பிடிக்கிறது. சில இடங்களில் 10 சதவீதத்துக்கும் மேல். அதனால்தான் பல கடைகள் தள்ளுபடி சைக்கிளுக்கு வவுச்சர் எடுப்பதில்லை, அல்லது கூடுதலாகக் கேட்கின்றன. 20 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்கும் சைக்கிளை விட்டுவிட்டு முழு விலையில் திட்டத்தில் எடுப்பவருக்கு மிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இன்னொன்று, வவுச்சர் முழுவதையும் சைக்கிளிலேயே கொட்டிவிடாதீர்கள். விளக்கு, பூட்டு, மட்கார்ட், ஹெல்மெட், பம்ப், பஞ்சர் கிட் எல்லாமே திட்டத்தில் அடங்கும். மூன்றாம் மாதம் சைக்கிள் திருடு போனாலும் மீதி ஒன்பது மாத வாடகை நிற்காது, ஒப்பந்தம் அப்படித்தான் இருக்கும். லண்டனில் சோல்ட் செக்யூர் (பூட்டின் பலத்தைச் சோதித்துத் தரும் தரச்சான்று) கோல்டு அல்லது டைமண்ட் முத்திரையுள்ள டி-லாக், அதாவது டி வடிவ இரும்புப் பூட்டு, எடுங்கள். பின் சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்து, தரையில் பதித்த ஸ்டாண்டோடு பூட்ட வேண்டும். பூட்டுக்குள் காலி இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இடம் இருந்தால் ஜாக்கி நுழைத்து நெம்பிவிடுவார்கள். முன் சக்கரத்துக்குத் தனியாக ஒரு கேபிள். இன்சூரன்ஸ்காரர்கள் எந்த முத்திரைப் பூட்டு, எதோடு பூட்டியது என்று கேட்பார்கள், பூட்டு ரசீதை வைத்திருங்கள்.

வெம்ப்ளி_மிதி
பயனுள்ள விஷயம் அண்ணா. ஆனால் "மிச்சமே இல்லை" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊழியர்கள் குழம்புவது கடைசிக் கட்டத்தில்தான். 12 மாதம் முடிந்தவுடன் சைக்கிளைச் சொந்தமாக்கினால், 500 பவுண்டும் அதற்கு மேலும் விலையுள்ளதற்கு வரித்துறையான ஹெச்எம்ஆர்சியின் அட்டவணைப்படி மதிப்பு 25 சதவீதம். 1,200க்கு அது 300. மாதம் 72 வீதம் கட்டிய 864ஓடு சேர்த்தால் 1,164, மிச்சம் வெறும் 36. இதைப் பார்த்துத்தான் "ஏமாற்று வேலை" என்கிறார்கள். உடனே சொந்தமாக்காமல் நீட்டிப்பு ஒப்பந்தம் எடுத்தால் 7 சதவீத வைப்புத்தொகை, 84 பவுண்ட், மாத வாடகை இல்லாமல் இன்னும் மூன்று ஆண்டு ஓட்டலாம். நான்காம் ஆண்டு முடிவில் அட்டவணை மதிப்பும் 7 சதவீதம்தான், வைப்புத்தொகை அதற்குச் சரியாகப் போய்விடும். மொத்தம் 948. மிச்சம் 252. இதை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கும் முதலாளி யார்? சும்மா ஏதோ ஒரு லிங்க்கை அனுப்பிவிட்டு "யாரும் சேரவில்லை" என்று கைகழுவுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை
252 உங்கள் 32,000 சம்பளக்காரருக்கு. 40 சதவீத வரி கட்டும் மேனேஜருக்கு என்ஐ 2ம் சேர்ந்து 42 சதவீதம் மிச்சம். 696ம் 84ம் சேர்த்து 780இல் அதே சைக்கிள். சமையலறையில் மினிமம் வேஜில் நிற்பவருக்குக் கதவே திறக்காது. இரவு பதினொரு மணிக்கு ஷிஃப்ட் முடித்து பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் அவர்தான். எல்லோருக்கும் பொதுவாக வழங்க வேண்டும் என்பது வரிவிலக்கின் நிபந்தனை. அறிவிப்பை எல்லோருக்கும் ஒட்டிவிட்டு, சேரக்கூடியவர் மேனேஜர் மட்டும் என்றால் என்ன நியாயம் அது?

சிறு முதலாளி செய்யக்கூடியது வட்டியில்லாக் கடன். 10,000 பவுண்ட் வரை வரிச் சிக்கல் இல்லை. எழுத்தில் கடன் ஒப்பந்தம் இருந்தால், அதன் தவணையை நிகரச் சம்பளத்தில் பிடிப்பது மினிமம் வேஜ் மீறலாகாது. தள்ளுபடி சைக்கிளோ பழைய சைக்கிளோ வாங்கிக்கொள்ளலாம். கமிஷனும் இல்லை.

ஈஸ்ட்ஹாம்_அக்கா
கடன் நல்ல வழி, ஆனால் வரியிலும் என்ஐயிலும் மிஞ்சும் 28 சதவீதம் போய்விடுகிறது. சம்பளத்தில் இடைவெளி உள்ளவர்களுக்குத் திட்டத்தையே கொடுங்கள், இல்லாதவர்களுக்குக் கடன். இரண்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

மூன்றாவது வழியும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. நிறுவனமே சைக்கிள்களை வாங்கி ஊழியர்களுக்கு இரவல் கொடுக்கலாம். 2003 வருமான வரிச் சட்டத்தின் 244ஆம் பிரிவு அதற்கும் விலக்குத் தருகிறது. சம்பளத்தில் எதுவும் பிடிக்காததால் மினிமம் வேஜ் பேச்சே எழாது. எல்லா ஊழியருக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும், பெரும்பகுதிப் பயன்பாடு வேலைக்குப் போய்வர இருக்க வேண்டும். பராமரிப்பு முதலாளி பொறுப்பு: பிரேக் கட்டை, செயின் தேய்மானம், டயர் வெடிப்பு. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

மின்சைக்கிள் என்றால் பேட்டரியை எங்கே சார்ஜ் செய்வது என்று முதலிலேயே முடிவாக வேண்டும். வெளியேறும் வழியில், மாடிப்படியின் கீழ் வேண்டவே வேண்டாம். லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல் 2025 மார்ச் 31 முதல் மடிக்க முடியாத மின்சைக்கிள்களை ரயிலில் ஏற்றத் தடை போட்டதும் தீ பயத்தால்தான். "பாதி வழி டியூபில் வருகிறேன்" என்பவர் மடிக்கும் வகையை எடுக்க வேண்டும்.

வெம்ப்ளி_மிதி
மூன்று சைக்கிளை இரவல் கொடுக்க ஒரு முதலாளியைச் சம்மதிக்கவைக்க முடியுமா அக்கா? ஏஜென்சி ஆட்கள், ஜீரோ அவர்ஸ் (வேலை நேரம் உறுதியில்லாத ஒப்பந்த) ஆட்களெல்லாம் என்ன செய்வது?

ஈஸ்ட்ஹாம்_அக்கா
ஏஜென்சி ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஏஜென்சி. சாலரி சாக்ரிஃபைஸை அவர்கள்தான் தர வேண்டும், வேலை நடக்கும் இடத்து முதலாளியால் முடியாது. ஜீரோ அவர்ஸில் மாதா மாதம் மணி மாறும். குறைந்த மணி வந்த மாதத்தில் பிடிப்பு எல்லையைத் தாண்டிவிடும். பேரோல் மென்பொருள் அதைத் தானாகத் தடுக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். அவர்களுக்கு அண்ணா சொன்ன கடன்தான், அதுவும் ஒரு வேலை மணிக்கு இவ்வளவு என்று தவணை வைத்து. பத்து மணி வேலை செய்த வாரத்தில் பத்து மணிக்கான தவணை மட்டும் போகும்.

கணக்குப்பிள்ளை
மணிக்கு இவ்வளவு என்ற தவணைக்கு நான் உடன்படுகிறேன். ஆனால் கடன் முடியும் தேதியைக் குறிப்பிட முடியாதே. ஒப்பந்தத்தில் அதிகபட்சம் எத்தனை மாதம், அதற்குள் அடையாவிட்டால் மீதி என்னாகும் என்பதையும் எழுதிவிடுங்கள். முதலாளி முதலில் கேட்பது அதைத்தான்.