அப்பத்தாவின் ஈயச்சொம்பில் ரசம் வைக்கலாமா?

தேவகோட்டை ஆச்சி (கேள்வி):
வளவில் எங்கள் இரட்டை வீட்டைத் திறந்து அப்பத்தாவின் சீர்ச் சாமான்களை எடுத்தபோது, ஓர் ஈயச்சொம்பும், உள்பூச்சுத் தேய்ந்து மஞ்சள் தெரியும் பித்தளைக் குண்டான் ஒன்றும் கிடைத்தன. இரண்டையும் மறுபடி புழங்க ஆசைப்படுகிறேன். ஈயம் நஞ்சு என்று பிள்ளைகள் தடுக்கிறார்கள். தலைமுறைகளாக அதில் ரசம் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

காரைக்குடி வேதியியல் ஆசிரியர்:
ஆச்சி, ஈயம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு தனிமங்களைச் சொல்லி வருவதால் வந்த குழப்பம் இது. ரசச்சொம்புக்கு உரியது வெள்ளீயம். புளியின் அமிலம் அதை எளிதில் அரிப்பதில்லை. நஞ்சு என்பது காரீயம். வெள்ளீயத்தின் தாது காசிட்டரைட். நம் பக்கத்தார் கொண்டுவிற்கப் போன மலாயாவில், பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு அதற்குப் பேர்போனது. காரீயமோ கலீனா என்னும் சல்பைடு தாதுவிலிருந்து வருவது. ராஜஸ்தானின் ஜாவரில் கிடைக்கிறது.

ஒன்றும் ஆகவில்லை என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். காரீயம் வெளியே தெரியாமல் உடம்பில் சேர்ந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், நல்ல சொம்பையும் வெறுமனே அடுப்பில் ஏற்றக்கூடாது. ரசம் உள்ளே இருக்கும்வரை சூடு ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்பதால்தான் அது தாங்குகிறது.

பூச்சுக்காரர் மகன், கீழச்சிவல்பட்டி:
குண்டானை அப்படியே புழங்க வேண்டாம் அம்மா. புளி பட்டால் பித்தளையிலுள்ள செம்பும் துத்தநாகமும் உணவில் இறங்கும். என் தந்தையார் பாத்திரத்தை மணலும் புளியும் இட்டுத் தேய்த்து, துருத்தி அடுப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெண்புகை எழுந்து களிம்பு விட்டதும் ஈயக்கட்டியை உள்ளே தொட்டு இழுத்து, பஞ்சால் ஒரே வீச்சில் சுற்றித் துடைப்பார். மஞ்சள் மறைந்து வெள்ளி போல் மின்னும். விலை குறைவென்று காரீயம் கலந்த கட்டியை விற்பவர்களும் உண்டு என்பதால், கட்டியை நீங்களே பார்த்து வாங்குங்கள். தூய வெள்ளீயக் கம்பியைக் காதருகே வளைத்தால் கிறீச்சென்று ஒலிக்கும். காரீயம் ஒலிக்காது, தாளில் தேய்த்தால் சாம்பல் கோடு விழும்.

தேவகோட்டை ஆச்சி:
சொம்பை வளைக்க மனமில்லாததால் நிறுத்துப் பார்த்தேன். எடை 730 கிராம். விளிம்பு வரை நிறைந்த பாத்திரத்தில் முழுக அமிழ்த்தியபோது வழிந்த நீர் 100 மில்லிலிட்டர்.

காரைக்குடி வேதியியல் ஆசிரியர்:
அடர்த்தி 7.3 வருகிறது, அது வெள்ளீயத்தின் அளவு. காரீயமாக இருந்தால் 11.3 வந்திருக்கும். ஆனால் நூற்றுக்கு ஐந்து பங்கு காரீயம் கலந்தாலும் அடர்த்தி 7.4 அளவுக்குத்தான் ஏறும். அந்த வேறுபாடு சமையலறை அளவையில் பிடிபடாது. எக்ஸ் கதிர்ச் சோதனை செய்யும் உலோக ஆய்வகத்தில் காட்டினால், சொம்புக்குச் சேதமின்றிக் கலப்பு தெரிந்துவிடும்.

தேவகோட்டை ஆச்சி:
அப்படியே செய்கிறேன். முடிவு வரும்வரை ரசம் எவர்சில்வரில்தான். குண்டானைப் பூச்சுக்குக் கொடுக்கும்போது கட்டியை நானே வாங்கிப் போகிறேன்.