பெரிய எழுத்தாளர்கள் யார் பக்கம் நின்றார்கள்?

உப்புவெளியான்:
திருகோணமலை வாசகர் கூட்டத்தில் நான் சொன்னது சிலருக்குக் கசந்துவிட்டது. மீண்டும் சொல்கிறேன்: அந்நியப் படை ஊரைப் பிடித்தால், பட்டமும் பதவியும் உள்ள எழுத்தாளன் அதிகாரத்தோடு ஒத்துப்போவான். 1940 முதல் 1944 வரை ஜேர்மனியர் பிடியில் இருந்த பிரான்சைப் பாருங்கள். ஜேர்மனியரோடு ஒத்துழைத்த விஷி அரசின் தலைவர் பெத்தேனே, நாட்டின் பெருமைமிக்க அறிஞர் அவையான பிரெஞ்சு அகாதமியின் உறுப்பினர். இன்னோர் உறுப்பினரான ஆபெல் போனார் அவருடைய விஷி அரசில் கல்வி அமைச்சரானார். மறைவாக இலக்கிய ஏடு தொடங்கிய ழாக் தெகூர் யார்? 32 வயதுப் பள்ளி ஆசிரியர். 1942 மே 30 அன்று சுட்டுக் கொன்றார்கள்.

நிலாவெளி வாசகி:
நாவலாசிரியர் மொரியாக்கை வசதியாக மறந்துவிட்டீர்களே அண்ணா! 1933 முதல் அகாதமியில் இருந்தவர், 1943இல் புனைபெயரில் மறைவுப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தார். நாஜிகளுக்குக் கொடி பிடித்த எழுத்தாளர் பிரசியாக் எந்த அகாதமியில் இருந்தார்?

உப்புவெளியான்:
ஒரு மொரியாக்கை வைத்து எத்தனை நாள் வாதாடுவீர்கள்?

தம்பலகாமம் மாஸ்டர்:
தம்பி, இருக்கிற பதவியை மட்டும் எண்ணாதீர்கள், ஏங்குகிற பதவியையும் எண்ணுங்கள். நாஜிகளை ஆதரித்த எழுத்தாளர் திரியூ லா ரொஷேலும் அகாதமிக்காரர் அல்லர். 1940 டிசம்பரில் நாட்டின் முதன்மையான இலக்கிய இதழே ஜேர்மனியர் தயவில் அவர் கைக்கு வந்தது. அடுத்தது, சோறு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். செருப்புத் தைப்பவரின் மகனான எழுத்தாளர் கெயென்னோ அந்த ஆண்டுகளில் வெளிப்படையாக ஒரு நூலும் வெளியிடாமல் நாட்குறிப்பு எழுதினார். ஆசிரியச் சம்பளம் இருந்ததால் அது முடிந்தது. 1943இல் விஷி அரசு அவரைத் தரமிறக்கியது, அது வேறு கதை. நம் ஊரிலும் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே புனைபெயரில் எழுதினார்கள். கையெழுத்துப் பிரதியைச் சோற்றுப் பார்சலுக்கு அடியில் வைத்துச் சோதனைச் சாவடி கடந்த ஒருவரை நான் அறிவேன். அவருக்குப் பொன்னாடை போர்த்த யாரும் வரவில்லை.

நிலாவெளி வாசகி:
அப்படியானால் அந்தஸ்து ஒருவரைச் சாய்க்கும், ஆனால் தள்ளிவிடாது. அவ்வளவுதானே மாஸ்டர்?

உப்புவெளியான்:
எனக்கு அது போதாது. 1945இல் பிரசியாக்குக்கு மரண தண்டனை விதித்தபோது கருணை மனுவுக்காக ஓடித் திரிந்தவர் உங்கள் மொரியாக்தான். மேட்டுக்குடி மேட்டுக்குடியைக் காக்கிறது.

நிலாவெளி வாசகி:
எழுத்தாளர் காமுவும் அந்த மனுவில் கையெழுத்திட்டார். அவருடைய தாய் அல்ஜியர்ஸில் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். அவர் எந்த மேட்டுக்குடி?

உப்புவெளியான்:
காமு எதிர்த்தது மரண தண்டனையை. பிரசியாக்மீது அவருக்குத் துளியும் இரக்கமில்லை. அந்த மனுவை நீங்கள் இருவரும் இழுத்த இழுப்புக்கெல்லாம் வளைக்காதீர்கள்.

தம்பலகாமம் மாஸ்டர்:
மனுவை இழுத்து வந்தது நீங்கள்தான் தம்பி.