'நிபந்தனையற்ற உடன்படிக்கை'க்கு மாற்றாகத் 'தற்பிணை வாக்கு'

அன்புடையீர்,

எபிரேய வேதத்தில் கடவுள் ஆபிரகாமுக்கு (சந்ததியும் நாடும்) தாவீதுக்கு (நிலையான அரியணை) அளித்த வாக்குகளைக் குறிக்கத் தமிழில் முன்மொழியப்பட்டுள்ள 'நிபந்தனையற்ற உடன்படிக்கை' என்ற தொடரை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. உடன்படிக்கை என்றாலே இருவர் உடன்பட்டது. ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்திலோ அந்த இருவரில் ஒருவரான ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) அயர்ந்து உறங்குகிறார்.

அங்கே மூன்று வயதுக் கிடாரியும் வெள்ளாடும் ஆட்டுக்கடாவும் நடுவே பிளக்கப்பட்டு, துண்டங்கள் எதிரெதிராக வைக்கப்படுகின்றன. பறவைகள் மட்டும் பிளக்கப்படவில்லை. உடன்படிக்கை செய்வதை எபிரேயர் 'பெரீத்தை (உடன்படிக்கையை) வெட்டுதல்' என்றே சொன்னார்கள். பிளந்த துண்டங்களின் நடுவே நடப்பவர், சொல் தவறினால் அந்தக் கன்றின் கதி தமக்கும் நேரட்டும் என்று ஏற்கிறார் என்பது எரேமியா 34:18இலிருந்து விளங்குகிறது. ஆனால் இங்கே நடுவே கடந்து செல்பவை கடவுளின் அடையாளமான புகைகிற சூளையும் தீப்பந்தமுமே, ஆபிராம் நடக்கவில்லை. மோசே வழியாக மக்களுக்குச் சட்டம் தரப்பட்ட சீனாய் மலையிலோ, யாத்திராகமம் 24இன்படி, கர்த்தர் சொன்னதையெல்லாம் செய்வோம் என்று மக்கள் வாய்திறந்து ஒப்புக்கொண்ட பிறகே இரத்தம் அவர்கள்மேல் தெளிக்கப்படுகிறது.

ஆகவே வேறுபாடு நிபந்தனையில் இல்லை, பிணை நிற்பது யார் என்பதில் இருக்கிறது. வாக்களிப்பவர் தமக்குத் தாமே பிணை நிற்பதைத் 'தற்பிணை வாக்கு' என்றும், இரு தரப்பும் பிணைபடுவதை 'இருபிணை வாக்கு' என்றும் வழங்கலாம். ஆதியாகமம் 22:16இல் கடவுள் தம்மேலேயே ஆணையிடுவதற்கும் இது பொருந்தும். அங்கே ஆபிரகாமின் கீழ்ப்படிதல் சொல்லப்படுகிறதே என்றால், அது ஆணைக்குக் காரணமே தவிர, இனி நிறைவேற்ற வேண்டிய கடமை அன்று.

விவிலிய ஆய்வாளர் மோஷே வைன்ஃபெல்ட் 1970இல், இவ்வாக்குகளைப் பண்டைய ஹிட்டைட்டு, அசீரிய அரசர்களின் நிலக்கொடைகளோடு ஒப்பிட்டார். அதையொட்டிக் 'கொடைவாக்கு' என்று சொல்லலாம்தான். ஆனால் கொடை என்றதும் கொடுத்து முடிந்ததாக ஒலிக்கிறது. ஆபிராமின் சந்ததியோ 400 ஆண்டுகள் அந்நிய நாட்டில் ஒடுங்கியிருக்கும் என்று அதே அதிகாரமே சொல்கிறது.

தாவீதின் வாக்கில்தான் இந்தச் சொற்களின் பயன் தெளிவாகத் தெரியும். 2 சாமுவேல் 7இல், தாவீதின் மகன் தவறு செய்தால் பிரம்பால் தண்டிப்பேன், கிருபையையோ விலக்கமாட்டேன் என்கிறார் கடவுள். இதை நிபந்தனையற்றது என்பதும் முழு உண்மை ஆகாது, நிபந்தனைக்குட்பட்டது என்பதும் ஆகாது, தற்பிணை என்பதே சரி. அதே வாக்கு 1 இராஜாக்கள் 2:4இலும் சங்கீதம் 132:12இலும், பிள்ளைகள் வழுவாமல் நடந்தால் என்ற வரம்போடு இருபிணையாக வருகிறது. சங்கீதம் 89 தற்பிணையை விரிவாகப் பாடிவிட்டு, உடன்படிக்கையை உதறிவிட்டீரே என்று அதே மூச்சில் கடவுளிடமே முறையிடுகிறது. கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்து அரியணை வெறுமையான பின் இதைப் படித்தவர்களுக்கு அந்த முறையீடு எப்படி வலித்திருக்கும்! பிணை நின்றவர் என்று ஒருவர் இருப்பதால்தான் அப்படி வழக்காட முடிகிறது. 'நிபந்தனையற்ற' என்ற அடைமொழியில் அந்த ஆள் தெரிவதில்லை.

நினிவே அழியும் என்று யோனா கூறியது போன்ற எச்சரிக்கைகளை இவ்விரண்டிலும் சேர்க்க வேண்டாம். மக்கள் மனந்திரும்பினால் அவை மாறும் என்று எரேமியா 18 வெளிப்படையாகவே சொல்கிறது. விருத்தசேதனம் விதிக்கும் ஆதியாகமம் 17ஐ எங்கே வைப்பது என்பது பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். அதை மீறுபவன் மக்களிடமிருந்து அறுப்புண்டு போவானே தவிர வாக்கு அறுபடுவதில்லை என்பதால், தற்பிணையின் கீழ் வைப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம்.