நூறாவது நாள் படத்த அப்ப கொட்டகைல பாத்தவங்க இருக்கீகளா?

புதுவயல் பையன்:
போன வாரம் போன்ல நூறாவது நாள் பாத்தேன், 1984ல வந்த மணிவண்ணன் படம். நல்லாத்தான் இருந்துச்சு ஆனா பெருசா பயமெல்லாம் வரல. காலைல ஆத்தாட்ட சொன்னா, "போடா, நாங்க பாத்துட்டு வந்து ரெண்டு நாளு வீட்டுக்குப் பின்னால இருக்க ரெண்டாங்கட்டுப் பக்கமே போகல"ங்கிறாக. மேல கேட்டா சிரிக்கிறாக, சொல்ல மாட்டேங்குறாக. அப்ப கொட்டகைல என்னதான் நடந்துச்சு? படம் பாக்காதவங்க கீழ படிக்காதீங்க, முடிவு தெரிஞ்சிரும்.

கோட்டையூரான்:
தம்பி நான் அப்ப ஒம்பதாவது. டவுன்ல ரிலீஸ் ஆனப்ப வீட்ல விடல, பெறகு டூரிங் டாக்கீஸ்க்கு வந்தப்பதான் போனேன், தரை டிக்கெட்டு, மணலக் குமிச்சு மேல உக்காந்துக்குவோம். ஒத்த புரொஜக்டர்ங்கிறதால ரீல் மாத்தும்போதெல்லாம் லைட்டப் போட்டுருவாக, மூணு நாலு இடைவேளை வரும். இதுல கூத்து என்னன்னா தைப்பூசம் முடிஞ்ச நேரம், பழனிக்கு நடந்து போயிட்டு வந்த கூட்டம், கொட்டகைல பாதிப்பேரு மொட்ட. திரையில சத்யராஜ் மொட்டத்தலை, வட்டக்கண்ணாடி, செகப்புக் கோட்டோட வந்து நிக்கிறாரு, இளையராஜா மியூசிக் வேற வயித்தப் பெசையுது, கரெக்டா ரீல் முடிஞ்சு லைட்டு வந்துச்சு, எனக்கு முன்னாடி இருந்த மொட்ட முறுக்குக்காரனக் கூப்பிடத் திரும்புனாரு பாருங்க, பின்னாடி ஒரு சின்னப்புள்ள வீல்னு கத்துனதுல மொத்தக் கொட்டகையும் எந்திரிச்சிருச்சு. அந்த மனுசன் துண்ட எடுத்துத் தலையில போட்டவரு படம் முடியிற வரைக்கும் எடுக்கல.

வளவுவீட்டுக்காரி:
அண்ணே சிரிச்சு முடியல 😂 ஆனா பொம்பளைக பக்கம் யாரும் சத்யராஜுக்குப் பயப்படல, மோகன்தான். மைக்கப் புடிச்சுப் பாடி எங்கள அழ வச்ச புள்ள, அவருதான் கொலகாரன்னு தெரிஞ்சப்ப ஒரு சத்தம் இல்ல, அவ்ளோ பேரும் கப்சிப். அப்பறம் பக்கத்துல ஒரு ஆயா மட்டும், "அடி நளினி, அவன நம்பாதடி"ன்னு திரையப் பாத்துக் கத்துனாக.

தம்பி, ஒங்க ஆத்தா சொல்லாத விசயம் எனக்குத் தெரியும். பொணத்த சுவத்துக்குள்ள வச்சுப் பூசுறாங்கல்ல? நம்ம செட்டிநாட்டு வீட்டு சுவரு எம்புட்டு மொத்தம்னு பாத்திருப்பீக, முட்ட வெள்ளக்கரு கலந்து கண்ணாடி மாதிரி பூசுனது, ரெண்டாங்கட்டுல மலேயா போனவுக பூட்டிட்டுப் போன ரூமு வேற அப்பிடியே கெடக்கும். மறுநாள் நானும் அக்காவும் எல்லாச் சுவத்தையும் தட்டிப் பாத்தோம்.

தேவகோட்டை ரஸ்தா:
கொஞ்சம் டாபிக் மாறுது, மன்னிக்கணும். 1954ல நம்ம காரைக்குடி ஏவிஎம் செட்டியார் எடுத்த அந்த நாள் பத்தி எங்க ஐயா சொல்லுவாக. சிவாஜிய ஆரம்பத்துலயே சுட்டுருவாக, படத்துல ஒரு பாட்டு கிடையாது. ஐயா பாட்டு வந்தா பீடி குடிக்க எந்திரிக்கிற ஆளு, எப்படா வரும்னு கடைசி வரைக்கும் பீடியக் கையில உருட்டிக்கிட்டே ஒக்காந்திருந்தாகளாம்.

புதுவயல் பையன்:
அக்கா, ஆத்தாட்ட சுவரு மேட்டரக் கேட்டேன். "எந்த ஆச்சிடா ஒனக்குச் சொன்னது"ன்னு போனப் புடுங்கிப் படிச்சுக்கிட்டு இருக்காக.